ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? பழைய மாருதி 800-ல் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

டெம்பரேச்சர் முள் ஒருமுறை சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும், அடுத்துப் போய் நிற்கிற பட்டறையில் "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். ஹெட் என்பது என்ஜினின் மேல் பாகம்; அதற்கும் சிலிண்டர்கள் உள்ள கீழ்ப் பாகமான பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அந்தத் தீர்ப்பு சில நேரம் சரி. பல நேரம் சுற்றாத ரேடியேட்டர் ஃபேனோ, ரப்பர் தேய்ந்த ரேடியேட்டர் மூடியோதான் காரணமாக இருக்கும். ஹெட்டை இறக்கி, ஃபேஸிங் போட்டு (அடித்தளத்தைக் கடைந்து சமமாக்கி), புது கேஸ்கெட் வைத்து மூடிய பிறகும் அந்த ஃபேன் சுற்றாமலே கிடந்தால் புது கேஸ்கெட்டும் சீக்கிரம் போகும். அதனால் வேலையை இந்த வரிசையில் எடுத்துக்கொள்வது நல்லது: முதலில் மேலும் கெடாமல் வண்டியை நிறுத்துவது, அடுத்து கேஸ்கெட்தானா என்று நிரூபிப்பது, அதன்பிறகே ஸ்பேனரைத் தொடுவது.

இங்கே சொல்லப்படுவது மாருதி 800-ஐ வைத்து. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறி, 2014 ஜனவரி வரை தயாரான கார் அது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், ஹெட்டின் மேலேயே வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம்ஷாஃப்ட். கார்புரேட்டர் வண்டியானாலும் பிறகு வந்த, கணினி வழி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். ஆம்னியிலும் இதே 796 சிசி என்ஜின்தான். உட்கார்ந்திருக்கும் விதம் மட்டும் வேறு. மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் சோதனைகள் அப்படியே பொருந்தும், டார்க் அளவுகள் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) பொருந்தாது.

சாலையில் முள் ஏறினால்

ஏசியை உடனே அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும்; ஆனால் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை அதுவும் வெளியே தள்ளும். ஓரம் கட்டியதும் பானட்டுக்குள்ளிருந்து ஆவி வருகிறதா என்று பாருங்கள். ஆவி வந்தாலோ, முள் உச்சியில் நின்றாலோ என்ஜினை நிறுத்திவிடுங்கள். "வீடு பத்து கிலோமீட்டர்தான்" என்று ஓட்டுகிற அந்தப் பத்து கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

குறைந்தது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இந்த வண்டியின் மூடி கிட்டத்தட்ட 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி செல்சியஸ் அருகில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து, உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறப்பதும் பாதுகாப்பல்ல. மேல் ஹோஸைக் கையில் பிடித்தால் சுடாமல், அழுத்தினால் தளர்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் மூடி.

தண்ணீர் வற்றிய சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது இன்னொரு பழக்கம். கொதிக்கும் அலுமினியத்தில் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் விடலாம். ஆறட்டும், பிறகு ஊற்றுங்கள்.

கேஸ்கெட் எதற்காகப் போகிறது

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரே தகட்டுக்கு மூன்று வேலை: எரியறையின் அழுத்தத்தைச் சிலிண்டருக்குள்ளேயே பிடிப்பது, கூலன்ட் துளைகளைத் தனியே அடைப்பது, ஆயில் வழியைத் தனியே அடைப்பது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சாதாரண ஓட்டத்தில் கேஸ்கெட் இந்த உரசலைத் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் விரிய இடமில்லாமல் போல்ட்டுகளுக்குள் நசுங்கி, ஆறும்போது வளைந்து நிற்கும். அந்த வளைவில் கேஸ்கெட்டின் பிடி தளர்ந்துவிடும்.

இன்னொரு காரணம் மெதுவாக வேலை செய்யும்: வருடக்கணக்கில் கூலன்ட் இல்லாமல் வெறும் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் காரை கட்டும். ஹெட்டின் நீர்த்துளைகளைச் சுற்றி அலுமினியத்தை அரிக்கும். அரித்த குழிக்கு மேல் எந்தக் கேஸ்கெட்டும் உட்காராது.

கேஸ்கெட் எந்த இடத்தில் போனது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் நடுவே போனால் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டரில் குமிழி வரும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போனால் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமலே வண்டி இழுவை இழந்து துடிக்கும். ஆயிலும் நீரும் கலந்தால் டிப்ஸ்டிக்கில் காப்பி நிறக் குழம்பு. வெளிப்பக்கமாக ஆயில் கசிந்தால் அது அசிங்கம்தான், அவசரம் இல்லை. துடைத்துப் பார்த்து, ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம்.

கேஸ்கெட்டைக் குறைசொல்லும் முன்

முதலில் ஃபேன். கார்புரேட்டர் வண்டியில் ஃபேன் சுவிட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் வயரிங்கும் சரி, சுவிட்ச்தான் கெட்டது. சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று போக வேண்டும். நெடுஞ்சாலையில் முள் சரியாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம்தான் தவறு. தலைகீழாக, வேகமாக ஓட்டும்போதும் ஏற்றத்திலும் ஏறி, நின்றால் இறங்கினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து மூடி. அடியில் உள்ள ரப்பர் வெடித்திருந்தாலோ கெட்டியாகியிருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். விலையைப் பார்த்தால் யோசிப்பதே நஷ்டம். மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு, வண்டி ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட்டை உள்ளே இழுக்கும். அது ஒட்டிக்கொண்டால் டப்பா நிரம்பியே இருக்கும், ரேடியேட்டர் வற்றும், காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும். டப்பாவைப் பார்த்துவிட்டு "தண்ணீர் இருக்கிறதே" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அளவை ரேடியேட்டர் வாயிலேயே பாருங்கள், குளிர்ந்த நிலையில்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை அருகே திறக்கத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுக்கத் திறக்க வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். ரேடியேட்டர் அடைப்பைச் சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான்.

இந்த என்ஜினில் குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டு (காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குப் போகும் குழாய்) வழியாகவும் கூலன்ட் ஓடுகிறது. அந்த மேனிஃபோல்டு கேஸ்கெட் விட்டால் கூலன்ட் நேரே சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். வெள்ளைப் புகை வரும், தண்ணீர் குறையும், பார்க்க ஹெட் கேஸ்கெட் போனது மாதிரியே இருக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கட்டும் அழுத்தம்; சோதனை கீழே) மூன்று சிலிண்டரிலும் நன்றாக இருந்து, ரேடியேட்டரில் குமிழியும் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால் ஹெட்டைத் தொடும் முன் இதைப் பாருங்கள். அப்படியே காலடி விரிப்பைத் தூக்கி ஹீட்டர் கோர் கசிகிறதா, வாட்டர் பம்பின் அடித் துளையில் சொட்டுகிறதா, பிளாக்கின் பக்கத்து வெல்ச் பிளக்குகளில் (நீர்வழித் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) துரு வழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வெள்ளைப் புகையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சைலன்சர் வழியாகப் போகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலையில் ஸ்டார்ட் செய்தால் எந்த நல்ல வண்டியும் வெள்ளையாக ஊதும். என்ஜின் சூடான பின்னும் நிற்காமல் அடர்த்தியாக, லேசான இனிப்பு வாடையோடு வந்தால்தான் அது கூலன்ட். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரம்.

நிரூபிக்கும் சோதனைகள்

எல்லாவற்றுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் "டக்" என்று முட்டி நின்றால் மறுபடி திருப்பாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டு சுற்றாதீர்கள்.

பிளக்குகளை வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு இளம் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்தும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் கூலன்ட் எரிகிறது.

குமிழிச் சோதனைக்குக் கருவியே வேண்டாம், ஆனால் பெரும்பாலும் தவறாகச் செய்கிறார்கள். மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, குமிழி வந்தால் கேஸ்கெட் என்று முடிவுகட்டுவது போதாது. சமீபத்தில் தண்ணீர் மாற்றியிருந்தால் உள்ளே சிக்கிய காற்றும் குமிழியாகத்தான் வரும், பம்ப் கலக்குவதும் குமிழி காட்டும். சரியான முறை: முற்றிலும் குளிர்ந்த என்ஜின், ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள் (பெயர்தான் அப்படி, ஃபேனைச் சுற்றுவது மோட்டார்). இந்த வண்டியில் வாட்டர் பம்பைச் சுற்றுவது அந்தப் பெல்ட்தான்; அது இல்லாவிட்டால் தண்ணீர் அசையாது. இப்போது ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் பாருங்கள், நடுநடுவே ஆக்ஸிலரேட்டரை லேசாக முறுக்குங்கள். அசையாத தண்ணீரில் சரம் சரமாகக் குமிழி எழுந்தால், முறுக்கும்போது அதிகமானால், அது எரியறைக் காற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட விடக்கூடாது.

இதற்குத் தம்பியாக ஹோஸ் சோதனை: பெல்ட்டை மாட்டி, மூடியை மூடி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் உள்ளே வேறெங்கிருந்தோ அழுத்தம் வருகிறது.

சந்தேகம் தீராவிட்டால் கெமிக்கல் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நீல நிறத் திரவம். ரேடியேட்டரின் காற்றை அதன் வழியே உறிஞ்சினால், எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். கூலன்ட் திரவத்தில் கலந்துவிட்டால் சோதனை வீண். அதனால் முதலில் ரேடியேட்டரில் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் சோதனை எந்தப் பட்டறையிலும் முடியும். என்ஜின் சூடாக இருக்கும்போது செய்யச் சொல்லும் வண்டியின் சர்வீஸ் மேனுவல். ஆனால் சூடேறுகிற வண்டியை அதற்காகவே சூடேற்ற வேண்டாம், குளிர்ந்த நிலையில் செய்து மூன்று சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே போதும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுத்து எர்த் செய்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி, கேஜ் முள் ஐந்தாறு முறை துடிக்கும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். கார்புரேட்டர் என்ஜினுக்குச் சரியான அளவு சதுர செ.மீ.க்கு 12 கிலோ அளவில். 8-க்குக் கீழே போனால் என்ஜின் தேய்ந்துவிட்டது. சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும், அதாவது 1-ம் 2-ம் அல்லது 2-ம் 3-ம், ஒரே மாதிரி விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் முதலில் டேப்பட் இடைவெளியைப் (வால்வுக்கும் அதை அழுத்தும் ஸ்க்ரூவுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பாருங்கள். இறுக்கமான டேப்பட் வால்வை மூடவிடாமலும் இதே அளவைக் காட்டும்.

எந்தச் சிலிண்டர் என்று கையில் பிடித்துக் காட்ட வேண்டுமென்றால் காற்று ஏற்றும் முறை. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, கை பிரேக் இழுத்து, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், பக்கத்துப் பிளக் துளையில் சீறினால் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட், ரேடியேட்டரில் குமிழி வந்தால் நீர்வழிப் பக்கம் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். எந்தச் சோதனையும் இந்தக் கடைசி இரண்டையும் பிரித்துக் காட்டாது; ஹெட் கீழே இறங்கிய பின்தான் தெரியும்.

ஊற்றுகிற மருந்து

கடையில் பாட்டிலில் விற்கும் ஹெட் கேஸ்கெட் சீலர்களில் பெரும்பாலானவை சோடியம் சிலிகேட் வகை. சூட்டில் ஓட்டையை அடைக்கும். அதோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும். ஸ்கிராப்புக்குப் போகிற வண்டியை இன்னும் ஒரு மாதம் இழுக்க வேண்டுமென்றால் ஊற்றிக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ளப் போகிற வண்டியில் வேண்டாம். இந்த என்ஜினுக்குக் கேஸ்கெட் சில நூறு ரூபாய்ப் பொருள். செலவெல்லாம் லேத்திலும் கூலியிலும்தான்.

ஹெட்டை இறக்குதல்

வாங்கி வைக்க வேண்டியவை: டாப் கேஸ்கெட் செட் (ஹெட், இரண்டு மேனிஃபோல்டு, வால்வு கவர், வால்வு ஆயில் சீல்கள் அடங்கியது), தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், ரேடியேட்டர் மூடி, டைமிங் பெல்ட் (கிராங்க் சுற்றும்போது கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் பல் பெல்ட்), உப்பிய ஹோஸ்களுக்குப் பதில் புதியவை, ஆயில் ஃபில்டர், ஆயில் இரண்டு முறை மாற்றும் அளவுக்கு, கூலன்ட். கருவிகளில் விட்டுக்கொடுக்க முடியாதவை டார்க் ரெஞ்சும் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) ஃபீலர் கேஜும் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்). டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை அளவு தெரியும்" என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; முந்தைய இரவே நிறுத்திவிடுவது நல்லது. சூடான ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளுக்கு அன்றிரவே துரு நீக்கும் ஆயில் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டட் முறிந்து அதுவே தனி வேலையாகும்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடியுங்கள். கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். எத்திலின் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். எம்பிஎஃப்ஐ வண்டியில் பேட்டரியைக் கழற்றும் முன்பே பெட்ரோல் பம்பின் ரிலேவை எடுத்து, என்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிட்டுக் குழாய் அழுத்தத்தை இறக்குங்கள். ஏர் ஃபில்டர், கேபிள்கள், வேக்யூம் குழாய்கள் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, இரு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். கார்புரேட்டர் வண்டியின் வேக்யூம் குழாய்கள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டை மாற்றிப் போட்டால் ஐடிலிங் ஏன் நிற்கவில்லை என்று நாள் முழுக்கத் தேடலாம்.

கிராங்க் புல்லியைச் சுற்றி டைமிங் குறிகளை நேர்ப்படுத்துங்கள். கேம் புல்லியின் குறியும் கிராங்க் குறியும் எதிரெதிர்க் குறிகளோடு பொருந்திய பின் வெள்ளைப் பெயின்ட்டால் இன்னும் தெளிவாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் குறியுங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். வால்வு கவரைக் கழற்றி, டேப்பட் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிடுங்கள்.

ஹெட் போல்ட் மொத்தம் 8, இரு வரிசையில் நான்கு நான்கு. தளர்த்தும்போது ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு, குறுக்காக, ஒரு சுற்றில் கால் திருப்பு என்று இரண்டு மூன்று சுற்றாக. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இரண்டு தளத்துக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள்; அந்தக் கீறல் அடுத்த கசிவு. மேனிஃபோல்டைப் பிடித்து அசைத்து எடுங்கள். தூக்கிய ஹெட்டைக் கட்டைகளின் மேல் வையுங்கள்.

பழைய கேஸ்கெட்டைத் தூர எறியும் முன் படியுங்கள். சிலிண்டர்களுக்கு நடுவே கறுத்த பாதை இருந்தால் அங்கே தீ கடந்திருக்கிறது. நீர்த்துளை ஓரம் துருவேறி உதிர்ந்தால் அரிப்பு. ஒரு பிஸ்டன் தலை மட்டும் கரியில்லாமல் பளபளப்பாக இருந்தால் ஆவி அதைக் கழுவியிருக்கிறது. கம்ப்ரஷன் சோதனை சொன்ன இடத்திலேயே இந்தத் தடயம் இல்லையென்றால் கேஸ்கெட்டை விட்டு ஹெட்டில் விரிசலைத் தேடுங்கள்.

சுத்தமும் லேத்தும்

வேலை நிற்பதும் நிற்காததும் இங்கேதான். சிலிண்டர்களிலும் நீர், ஆயில் துளைகளிலும் துணி அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலும் கேஸ்கெட் ரிமூவராலும் மட்டும் இரு தளத்தையும் துடைத்தெடுங்கள். கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு வேகமாகச் சுத்தம் செய்யும். கூடவே தளத்தில் பள்ளம் பறிக்கும், அதன் பொடி ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும்.

பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்க போல்ட்டை முறுக்கினால், அந்தத் திரவம் போக வழியின்றி பிளாக்கையே பிளக்கும். பிளக்காவிட்டாலும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும்: "கிளிக்" கேட்கும், ஹெட் இறுகியிருக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துளையையும் காற்றால் ஊதுங்கள். போல்ட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, கையாலேயே கடைசி வரை திருகி இறங்குகிறதா என்று பாருங்கள். மரை இழுத்திருந்தாலும் நீண்டிருந்தாலும் புதிது வாங்குங்கள்.

நேரான ஸ்டீல் பட்டையை ஹெட்டின் அடித்தளத்தில் நீளவாக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு விதமாக வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் ஃபேஸிங் தேவை. பிளாக்கையும் இதேபோல் பார்க்க வேண்டும். ஹெட்டை மட்டும் சமமாக்கி வளைந்த பிளாக்கில் வைத்துப் பயனில்லை.

லேத்தில் கொடுக்கும்போது இரண்டைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, ஃபேஸிங்குக்கு முன் பிரஷர் டெஸ்ட்: நீர்வழிகளை அடைத்து, வெந்நீரில் அமிழ்த்தி, காற்று ஏற்றி விரிசல் பார்ப்பது. விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி தண்டம். இரண்டு, தேவையான அளவு மட்டும் எடுங்கள். "நல்லா ஒரு கட் போட்டுட்டேன்" என்பது நல்ல செய்தியல்ல. ஹெட் உயரம் குறையக் குறையக் கம்ப்ரஷன் விகிதம் கூடும், டைமிங்கும் சற்றுப் பிந்தும். முன்பே ஒருமுறை ஃபேஸிங் ஆன ஹெட்டாக இருக்கலாம், அதனால் உயரத்தை அளந்து மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஹெட் இறங்கியிருக்கும்போதே வால்வு கிரைண்டிங்கும் ஆயில் சீலும் முடித்துவிடுவது லாபம்.

ஹெட் லேத்தில் இருக்கும் நாட்களில் ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) கொடுங்கள், வாட்டர் பம்பின் ஆட்டத்தைப் பாருங்கள், ஃபேன் சுவிட்சை மாற்றுங்கள். சூடேறியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஹெட்டை மூடக்கூடாது.

மூடுதல்

இரு தளத்தையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, விரல் படாமல் வையுங்கள். கேஸ்கெட்டில் மேல்பக்கம் குறித்திருக்கும். குறி இல்லாவிட்டால் ஆயில் துளை நேராக நிற்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். புரட்டி வைத்தாலும் சில நேரம் உட்காரும், ஆனால் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் போகாது. கேஸ்கெட் பாக்கெட் சொன்னால் ஒழிய ஷெல்லாக், கிரீஸ், சிலிகான் எதுவும் தடவாதீர்கள். காய்ந்த கேஸ்கெட், காய்ந்த தளம்.

போல்ட் மரையிலும் தலையின் அடியிலும் துளி என்ஜின் ஆயில். ஹெட்டை இரு டவல் பின்களில் (இடம் மாறாமல் நிறுத்தும் சிறு முளைகள்) நேராக இறக்கி, எல்லா போல்ட்டையும் கையால் திருகுங்கள். இறுக்கும் வரிசை தளர்த்தியதற்கு நேர் எதிர்: நடு நான்கு குறுக்காக, பிறகு ஓர நான்கு குறுக்காக. முதல் சுற்று 20 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 40, கடைசி 55 முதல் 60. கிலோகிராம் மீட்டர் அளவுள்ள ரெஞ்சில் கடைசிச் சுற்று 5.5 முதல் 6. ரெஞ்சை வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். முடித்ததும் அதே வரிசையில் இன்னொரு முறை கடைசி அளவில் சரிபாருங்கள். பிற்காலக் கார்களில் போல்ட்டை டிகிரி கணக்கில் திருப்பச் சொல்லியிருந்தால் அவை நீளும் வகை. திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

டைமிங் பெல்ட்டைக் குறிகள் பொருந்த மாட்டி, டென்ஷனரை விட்டு இறுக்கிய பின், பிளக்குகள் இல்லாமல் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். குறிகள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். எங்காவது முட்டினால் பலம் போடாமல் கழற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் வருட மாடலுக்கான மேனுவல் அளவில் டேப்பட் வையுங்கள். தீப்பொறி வரிசை 1-3-2. பிளக் வயரை மாற்றிப் போட்டுவிட்டுக் கேஸ்கெட்டைத் திட்டாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

பழைய ஆயில் குழம்பாக இருந்திருந்தால், முதலில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு, புது ஃபில்டரோடு நல்ல ஆயில் ஊற்றுங்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கில் தங்கினால், ஹெட் வேலை கச்சிதமாக முடிந்தும் கீழே என்ஜின் தட்ட ஆரம்பிக்கும்.

கூலன்ட் 30 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 70 பங்கு. உறைபனி இல்லாத ஊருக்கு அது போதும், ஆனால் அரிப்பைத் தடுக்க அந்த 30 வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் தள்ளி, மூடியில்லாமல் மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் சிறிது நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சூடாகும். அப்போது அளவு ஒரேயடியாக இறங்கும், நிரப்பிவிட்டு மூடியைப் போடுங்கள். ஃபேன் தானாக இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை வண்டியை விட்டு நகராதீர்கள்.

முதல் இருபது முப்பது நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். சைலன்சரில் தேங்கிய பழைய தண்ணீர் அது. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், ரேடியேட்டர் வாயில் அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மீதமிருந்த காற்று வெளியேறியது என்று அர்த்தம், நிரப்புங்கள். மூன்றாம் நாளும் அதே அளவு இறங்கினால் குமிழிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றுங்கள். கேஸ்கெட் பாக்கெட்டில் மறு இறுக்கம் சொல்லியிருந்தால் அதே சமயத்தில், குளிர்ந்த என்ஜினில், ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாகக் கால் திருப்பு தளர்த்தி அதே டார்க்குக்கு இறுக்கிவிட்டு, டேப்பட்டையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.